நூறு டாலர் மடிக்கணினியை இன்டெல்தான் கொன்றதா?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஏழைப் பிள்ளைகளுக்கான நூறு டாலர் மடிக்கணினித் திட்டத்தைக் கணினிச் சில்லு செய்யும் இன்டெல் போட்டி போட்டுக் கொன்றுவிட்டது என்கிறார்களே, உண்மையா என்பது ஒன்று. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாடகை வீடுகளில் இருக்கும் மாணவர்களுக்காக உங்கள் தொண்டூழியர் குழுவுக்கு ஒரு பெரிய நிறுவனம் 60 மடிக்கணினி தருவதாகச் சொல்லி ஒப்பந்தத் தாளை நீட்டியிருக்கிறது, கையெழுத்துப் போடலாமா என்பது இன்னொன்று. முதல் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பதில் பாதி கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன். நான் பதினைந்து வருடத்துக்கு மேல் கணினி உதிரிபாகக் கொள்முதலில் வேலை பார்த்தவன். 2020இலிருந்து பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து கொடுக்கும் வேலையிலும் சனிக்கிழமைகளில் கை நனைக்கிறேன்.

இன்டெல் அடித்தது உண்மை, ஆனால் சாவுக்குக் காரணம் அந்த அடி இல்லை.

2005 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டே நூறு டாலர் மடிக்கணினியை அறிவித்தார். 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று ஒரு லாபநோக்கற்ற அமைப்பு உருவானது, சுருக்கமாக ஓஎல்பிசி. அந்த ஆண்டு நவம்பரில் துனிஸ் நகரத்தில் ஐநா தலைமைச் செயலாளர் கோஃபி அன்னானை மேடையில் வைத்துக்கொண்டு முன்மாதிரியைக் காட்டினார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் கையால் சுற்றி சார்ஜ் ஏற்றலாம் என்று பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அன்னான் அதைச் சுற்றிப் பார்க்கப் போக, கழன்று கையோடு வந்துவிட்டது. வெளியான இயந்திரத்தில் அந்தக் கைப்பிடியே கிடையாது. ஆனால் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது, இன்றைக்கும் பலர் நினைவில் இருப்பது அந்தக் கைப்பிடிதான்.

ஓஎல்பிசிக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். சில்லுத் தொழிலில் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி, கூகுள், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட், ஊடக நிறுவனமான நியூஸ் கார்ப். தயாரித்தது தைவானின் குவான்டா. சில்லு ஏஎம்டியின் ஜியோட், 433 மெகாஹெர்ட்ஸ். இயங்குதளம் ரெட் ஹேட்டின் ஃபெடோரா லினக்ஸ், அதற்கு மேல் பிள்ளைகளுக்கென்றே எழுதிய சுகர் என்ற முகப்பு. ஆப்பிள் தன் இயங்குதளத்தை இலவசமாகவே தர முன்வந்தது, லினக்ஸ் மாதிரி யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஆக இந்த இயந்திரத்தில் இன்டெல்லும் இல்லை, மைக்ரோசாஃப்ட்டும் இல்லை. அதே 2005இல்தான் ஏஎம்டி இன்டெல்மீது போட்டி ஒடுக்குமுறை வழக்குப் போட்டது. 2009இல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துத்தான் அதை முடித்தது. ரெண்டு பேரும் நீதிமன்றத்தில் நிற்கும்போது, வளரும் நாடுகளில் ஒரு தலைமுறை முழுக்க ஏஎம்டி சில்லில் லினக்ஸ் படித்து வளரப் போகிறது என்று ஒருவர் டாவோஸில் அறிவித்தால் இன்டெல்லின் விற்பனைத் துறைக்குத் தூக்கம் வருமா? நூறு டாலர் இயந்திரத்தில் யாருக்கும் பெரிய லாபம் கிடையாது. அவர்களுக்குப் பயம் பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கடைக்குப் போய் எதைக் கேட்கும் என்பதுதான்.

இன்டெல்லின் தலைவர் கிரேக் பாரெட் 2005 டிசம்பரில், அதுவும் நம் பக்கத்து வீட்டுக் கொழும்பில் நின்றுகொண்டு, இதை மடிக்கணினி என்று சொல்வதைவிட நூறு டாலர் கருவி என்று சொல்லலாம் என்று நக்கலடித்தார். அடுத்த ஆண்டே இன்டெல் தன் மலிவு மடிக்கணினியான கிளாஸ்மேட்டை அறிவித்தது. செலரான் சில்லு, 7 அங்குலத் திரை, வேண்டுமென்றால் விண்டோஸ், வேண்டாமென்றால் மாண்ட்ரிவா லினக்ஸ். 2007 மே மாதம் நெக்ரோபோன்ட்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எங்களைத் துரத்துவதற்காகவே இன்டெல் அடக்க விலைக்கும் கீழே விற்கிறது, வெட்கப்பட வேண்டும் என்று சொன்னார். இன்டெல் மறுத்தது. கொள்முதலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அடக்க விலை என்பது ரப்பர் மாதிரி. சொந்தச் சில்லைத் தனக்குத் தானே என்ன விலைக்குப் போட்டுக்கொள்வது என்பது அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிற விஷயம், வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. இரண்டே மாதத்தில், 2007 ஜூலையில், இன்டெல் ஓஎல்பிசி இயக்குநர் குழுவிலேயே போய் உட்கார்ந்தது. உள்ளே ஏஎம்டி ஏற்கெனவே இருக்கிறது. வழக்காடும் ரெண்டு பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி. பந்தி ஆறு மாதம்கூட நிற்கவில்லை. 2008 ஜனவரி முதல் வாரத்தில் இன்டெல் எழுந்து போய்விட்டது. கிளாஸ்மேட்டை நிறுத்தச் சொன்னார்கள், முடியாது என்றோம் என்றது இன்டெல். குழுவில் உட்கார்ந்துகொண்டே பெருவில் எங்கள் இயந்திரத்தைப் பற்றி அமைச்சு அதிகாரியிடம் மட்டம் தட்டிப் பேசினார்கள் என்றது ஓஎல்பிசி.

நான் இதில் இன்டெல்லை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சேர்ந்த அன்றைக்கே, கிளாஸ்மேட் தொடருமா தொடராதா, ஒரு நாட்டில் ரெண்டு பேரும் ஒரே அமைச்சரைப் போய்ப் பார்த்தால் என்ன செய்வது என்பதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருந்தால் அரை வருடத்தில் இப்படி முடிந்திருக்காது. ஒருவர் அதைப் போர்நிறுத்தம் என்று நினைத்தார், இன்னொருவர் சரணாகதி என்று நினைத்தார். (உங்கள் ஒப்பந்தத் தாளை இங்கேயே ஒரு தடவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மென்பொருள் பக்கமும் இதே கூத்து நடந்தது. நைஜீரியாவுக்கு 17,000 கிளாஸ்மேட்டுகளை மாண்ட்ரிவா லினக்ஸோடு அனுப்ப ஒப்பந்தமாகியிருந்தது. 2007 கடைசியில், அதே இயந்திரங்களில் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடப் போகிறோம் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். அந்த லினக்ஸைத் தந்த மாண்ட்ரிவா நிறுவனத்தின் தலைவர் கொதித்துப்போய் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மருக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2008 மே மாதம் ஓஎல்பிசியே தன் இயந்திரத்தில் விண்டோஸ் எக்ஸ்பிக்குச் சம்மதித்தது. அதற்குச் சற்று முன்னால்தான் சுகரை வளர்த்த வால்டர் பெண்டர் விலகிப் போய்த் தனியாக சுகர் லேப்ஸ் தொடங்கினார்.

சரி, இவ்வளவு அடிதடியும் திட்டத்தைக் கொல்லவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? விலையைப் பாருங்கள். 2007 நவம்பரில் உற்பத்தி தொடங்கியபோது ஓஎல்பிசியின் எக்ஸ்ஓ இயந்திரம் 188 டாலர். நூறு டாலர் என்பது கோடிக்கணக்கில் விற்றால் வரும் என்று போட்ட கணக்கு, அந்த எண்ணிக்கை வரவே இல்லை. குறைந்தது பத்து லட்சம் வாங்கும் அரசாங்கத்தோடுதான் பேசுவோம் என்று ஆரம்பித்தார்கள். லிபியா 12 லட்சம் என்று புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டது, நைஜீரியா பத்து லட்சம் என்றது. பணம் வரவில்லை. நாட்டுத் தலைவர் கைகுலுக்கியதை ஆர்டர் என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் இதைச் செய்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது.

பொறியியல் என்று பார்த்தால் நான் இன்னமும் அந்த இயந்திரத்துக்குத் தலைவணங்குவேன். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரை கொளுத்தும் வெயிலிலும் படிக்கத் தெரியும், பின்விளக்கை அணைத்தால் கறுப்பு வெள்ளையாக மாறி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். வன்தட்டு இல்லை, விசிறி இல்லை, ரப்பர் விசைப்பலகை, தூசியும் தண்ணீரும் எளிதில் போகாது. பக்கத்திலிருக்கும் இயந்திரங்கள் இணையம் இல்லாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சந்தைக்குப் புத்தி வந்தது, மலிவாகவும் சின்னதாகவும் ஒன்று செய்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று. 2007 அக்டோபரில் ஆசுஸின் ஈ பிசி வந்தது, அதிலிருந்தது இன்டெல் சில்லு. அடுத்த வருடம் இன்டெல் ஆட்டம் (Atom) என்ற சில்லை இறக்கியதும் நெட்புக் என்ற குட்டி மடிக்கணினிகளின் வெள்ளம். நானே 2008இல் சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசி ஒன்று வாங்கினேன், மாதம் பாதிக்குமேல் அலமாரியில்தான் கிடந்தது. போட்டி விலையைக் குறைத்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மலிவு விலைக்கு வரிசையில் நின்றவர்களில் என்னைப் போன்ற சம்பளக்காரர்கள்தான் அதிகம்.

திட்டம் எங்கே நின்றது, எங்கே விழுந்தது என்பதற்கு ரெண்டு நாடுகள் போதும்.

உருகுவே சின்ன நாடு, மக்கள்தொகை நம் சிங்கப்பூரைவிடக் குறைவு. 2007இல் பிளான் செய்பால் என்ற அரசுத் திட்டம் தொடங்கினார்கள். ஓஎல்பிசி சொன்னதை அப்படியே விழுங்கவில்லை, ஏலம் விட்டார்கள். எக்ஸ்ஓவும் கிளாஸ்மேட்டும் மோதின, எக்ஸ்ஓ ஜெயித்தது. முதல் ஆர்டர் ஒரு லட்சம். 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் இயந்திரம், உலகத்திலேயே முதல் நாடு. அதைவிட முக்கியம், இயந்திரத்தோடு பள்ளிக்கு இணையமும் போனது, பழுது பார்க்க ஏற்பாடும் போனது. பின்னால் ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்குக் காணொளி வழியாக ஆசிரியர்களைக் கொண்டுவந்தார்கள், பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து. செய்பால் இன்றைக்கும் இருக்கிறது. இயந்திரத்தின் பெயரும் நிறமும் பலமுறை மாறிவிட்டன.

பெரு பெரிய நாடு, எட்டு லட்சத்துக்கு மேல் வாங்கியது, ஓஎல்பிசியின் மிகப் பெரிய வாடிக்கையாளர். ஆண்டிஸ் மலைக் கிராமங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. இடை அமெரிக்க வளர்ச்சி வங்கி 319 கிராமப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012இல் முடிவைச் சொன்னது: சுமார் 15 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி கூடவில்லை. சிந்தனைத் திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. பழுதானால் யாரிடம் கொடுப்பது என்று ஆசிரியருக்கே தெரியாத இடங்கள் இருந்தன. பிள்ளை கையில் கொடுத்தால் போதும், தானே கற்கும் என்பது நெக்ரோபோன்ட்டேயின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் நான் முதல் குற்றவாளி என்பேன், இன்டெல்லை இல்லை. சொல்லப்போனால் ஆசிரியர் பயிற்சி விஷயத்தில் இன்டெல் பக்கம்தான் தெளிவு அதிகம். அவர்கள் நடத்திய பயிற்சியில் உலகம் முழுக்கப் பல லட்சம் ஆசிரியர்கள் படித்தார்கள். விளம்பரம் கலந்ததுதான், இருந்தாலும் நடந்தது.

நேபாளத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் குழுவுக்கு நெருக்கமான உதாரணம். அங்கே உள்ளூர் இளைஞர்கள் 2007இல் ஓஎல்இ நேபாள் என்று சொந்தமாக ஒரு அமைப்பு தொடங்கி, வந்த எக்ஸ்ஓ இயந்திரங்களுக்கு நேபாளி மொழியில் பாடப்புத்தகத்தை ஒட்டிப் பயிற்சிகள் எழுதினார்கள், மின்நூலகம் செய்தார்கள். எக்ஸ்ஓவின் காலம் போனபின்னும் அந்தப் பாடங்கள் மற்ற கணினிகளில் ஓடின.

இந்தியா 2006இலேயே வேண்டாம் என்றுவிட்டது, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் முதலில் வேண்டும் என்று. ஆனால் 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வந்தபோது வேறொரு கணக்கு நடந்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது, லெனோவோ, ஏசர், எச்சிஎல் என்று சாதாரண நிறுவனங்கள் வரிசையில் நின்றன, சிறப்பு இயந்திரம் எதுவும் இல்லை, கடையில் கிடைக்கும் வகைதான், கூடவே முதலமைச்சர் படம். விண்டோஸும் இருந்தது, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், ஓஎல்பிசி உலகம் முழுக்கக் கொடுத்ததைவிட அதிகம். தஞ்சாவூர்ப் பக்கம் என் சித்தப்பா மகள் அதில்தான் பொறியியல் படித்து முடித்தாள். சினிமாவும் பார்த்தாள், அதைச் சொன்னால் அடிப்பாள். உள்ளூர்க் கடையில் பேட்டரி கிடைத்தது, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த பையன் திரை மாற்றிக் கொடுத்தான். பாதி ஆயுள் அந்தப் பையன் கொடுத்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2020 ஏப்ரல் 8, பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய நாள். கல்வி அமைச்சும் பள்ளிகளும் ஆயிரக்கணக்கில் கருவிகளை இரவல் கொடுத்தன. அப்படியும் எட்டாத வீடுகளுக்காக இன்ஜினியரிங் குட், எஸ்ஜிபோனோ மாதிரி அமைப்புகள் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிச் சரிசெய்து கொடுத்தன. உயர்நிலை மாணவர் எல்லோருக்கும் சொந்தக் கற்றல் கருவி 2028க்குள் என்றிருந்த திட்டத்தை அமைச்சு 2021க்கே இழுத்துக்கொண்டு வந்தது, அரசு மாணவர் கணக்கில் போடும் எடுசேவ் பணத்திலிருந்து கட்டலாம், வசதி குறைந்தவர்களுக்கு மானியம். பள்ளியைப் பொறுத்து ஐபேட், குரோம்புக், விண்டோஸ். ஓஎல்பிசியின் தொடக்கப் பங்காளியான கூகுள் 2011இல் குரோம்புக்கைக் கொண்டுவந்து, கடைசியில் வகுப்பறைக்குள் பெரிய அளவில் நுழைந்ததைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நல்ல வசதி இருக்கும் நம் ஊரிலும் சிக்கல் வராமல் இல்லை. 2024 ஆகஸ்ட்டில் கருவி மேலாண்மைச் செயலி ஒன்று ஊடுருவப்பட்டு 26 பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன. குறிப்பெடுத்து வைத்திருந்த பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தவித்தார்கள்.

ஆக உங்கள் 60 மடிக்கணினி யாருக்கு? உயர்நிலைப் பிள்ளைக்குப் பள்ளியே வழி செய்கிறது. தொடக்கநிலையில் படிக்கும் தம்பி தங்கைகள், தனியார் தேர்வு எழுதும் அக்கா, வேலை தேடும் அம்மா, இவர்களுக்குத்தான் தேவை. வீட்டுக்கு மானிய விலையில் மடிக்கணினியும் இணையமும் தரும், அரசின் ஐஎம்டிஏ அமைப்பு நடத்தும் திட்டம் 2023லிருந்து இருக்கிறது, அதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்களை முதலில் அங்கே அனுப்புங்கள். மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒருவேளை 60 தேவைப்படாது, 25தான் தேவைப்படும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், 40 மடிக்கணினி கொடுத்தது. புளோக் கீழ்த்தளத்தில் பதாகை கட்டி, பெரிய அட்டைக் காசோலை மாதிரி ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால், தகவல் பாதுகாப்பு விதி என்று வன்தட்டு எல்லாவற்றையும் கழற்றி நொறுக்கியிருந்தார்கள். அதுகூட நியாயம். சார்ஜர் 11தான் இருந்தது. ஒன்பது இயந்திரம் நிறுவனத்தின் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தது, திறந்து கொடுக்க வேண்டிய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். சேமிப்புத் தட்டும் சார்ஜரும் வாங்க எங்கள் கையிலிருந்து போன பணத்தில் பழைய இயந்திரங்களே நல்லதாகப் பத்துப் பதினைந்து வாங்கியிருக்கலாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இயந்திரத்தை எண்ணினார்கள், சார்ஜரை எண்ணவில்லை.

அதனால் கையெழுத்துப் போடலாம், ஆனால் இப்போதிருக்கும் தாளில் போடாதீர்கள். நீங்கள் எழுதியதிலிருந்து மூன்று இடம் உறுத்துகிறது. மற்ற நிறுவனங்களிடமிருந்து இதே வட்டாரத்தில் நன்கொடை வாங்கக் கூடாது என்ற வரியை எடுக்கச் சொல்லுங்கள். இன்டெல்லும் ஓஎல்பிசியும் முட்டிக்கொண்டது கிட்டத்தட்ட இதே இடத்தில்தான், அவர்களிடம் வழக்கறிஞர் படையே இருந்தது. பிள்ளைகளின் பெயர், பள்ளி, வீட்டு முகவரி எல்லாம் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சம்மதிக்காதீர்கள், எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மட்டும் போதும். படம் எடுப்பது என்றால் பெரியவர்களை எடுக்கட்டும். அப்புறம், தாளில் இல்லாத ஒன்றைச் சேருங்கள்: இரண்டு வருடத்துக்குப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது, பேட்டரி போனால் யார் மாற்றுவது. இதைக் கேட்டதும் சில நிறுவனங்கள் 60ஐ 40 ஆக்கிவிட்டு மிச்சப் பணத்தைப் பழுதுக்கு ஒதுக்கும். யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் அன்றைக்கு ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஓட விட்டு, தமிழ் விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். தாய்மொழிப் பாட வீட்டுவேலை செய்ய உட்கார்ந்த பிள்ளை அதைத் தேடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. திருத்திய வரைவு வந்ததும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். சனிக்கிழமை மட்டும் மதியம் மூன்று மணிக்கு அப்புறம், அதுவரை கை முழுக்கத் திருகாணியாக இருக்கும்.